பெங்களூர்ல பியூசி சேர்க்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் பத்தாவது முடிச்சதும் பிள்ளையைப் பெங்களூர்ல பியூசி சேர்க்கிறவங்க, கொஞ்சம் பொறுங்க.

டிஎன்இஏ பொறியியல் கவுன்சலிங்கில், 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்க மாட்டாங்க. வெளியே படித்த நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அது கட்டாயம். இ-சேவையில் முன்கூட்டியே விண்ணப்பிச்சிடுங்க.

ஆனா 7.5 சதவீத ஒதுக்கீட்டை எந்தச் சான்றிதழும் காப்பாத்தாது. பொதுவா 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியா இருக்கணும். அதுல பொறியியல் சேர்ந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுது. ரெண்டு வருஷ பியூசிக்காக நாலு வருஷ ஃபீஸை விடலாமா? அரசுப் பள்ளிப் பிள்ளைன்னா, என் கணக்குல இது சுத்த நஷ்டம்.

அந்தப் பக்க கோட்டாவும் சும்மா வராது. கர்நாடகாவில் பொதுவா 7 வருஷம் படிச்சிருக்கணும்.