இடுக்கண் அழியாமை: உளச்சோர்வு நீங்கும் எளிய வழிகள்

உள்ளம் சோர்வுறாத மனிதர் உலகில் இலர். கற்றாரும் கல்லாரும், செல்வரும் வறியரும் ஒரோவொருகால் அதற்கு ஆட்படுகின்றனர். அவ்வாறு சோர்ந்தவழி யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு நம் பழந்தமிழ் நூல்கள் தரும் விடையை, இன்றைய உளவியல் முடிபோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோர்வின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுள் அழுகை பிறத்தற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவாவது உயிரையேனும் பொருளையேனும் இழத்தல். அசைவாவது பண்டை நிலை கெட்டுத் தளர்தல். வறுமையாவது வாழ்க்கைக்கு வேண்டுவன இன்மை.

இந்நான்கினையும் நம் சுற்றாடலிலேயே காணலாம். பரீட்சையில் தவறி ஊரார் முகத்தில் விழிக்க நாணும் மாணவனது துயர் இளிவின்பாற்பட்டது. இளைப்பாறிய மறுநாள் காலையில் செல்லுமிடமின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரது துயர் அசைவின்பாற்பட்டது. கிட்டங்கித் தாம்போதியை மேவி வெள்ளம் பாயும் மாரியில், பெரும்போக வேளாண்மை நீரில் மூழ்க, பட்ட கடனை எண்ணி வரம்பில் நிற்கும் நாவிதன்வெளி உழவனது துயர் வறுமையின்பாற்பட்டது. இழவோ, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் கல்முனைக் கரையோரத்தில் தமிழர் வீடு, முஸ்லிம்கள் வீடு என்ற வேறுபாடின்றிப் புகுந்தது. அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் தொகை 10,000 இற்கும் மேற்பட்டது.

ஆகவே, சோர்வுற்றார் செய்யத்தக்க முதற் செயல், தம் துயர் இந்நான்கனுள் எதன்பாற்பட்டது எனத் தெளிதலாம். பெயரிடப்படாத துயர் எல்லையற்றதாய்த் தோன்றும். பெயரிட்டவுடன் அதற்கு ஓர் எல்லை உண்டாகும்.

வள்ளுவர் வைத்த முறை

திருக்குறளின் 63ஆம் அதிகாரம் இடுக்கணழியாமை. துன்பம் வருங்கால் மகிழ்க என்பது அதன் முதற் குறளின் கருத்து. மக்களைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயை நோக்கிச் ‘சிரி’ என்று எவரேனும் கூறின், அது அறிவுரையாகாது, கொடுமையாகும். அங்ஙனமாயின் வள்ளுவர் கூற்று பொருந்துமாறு யாங்ஙனம்?

விடை அதிகார முறைவைப்பில் உளது. 60ஆவது ஊக்கமுடைமை, 61ஆவது மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை, அவற்றின் பின்னரே இடுக்கணழியாமை வருகின்றது. ஊக்கமும் மடியின்மையும் முயற்சியும் முன்னே நிற்க, மகிழ்ச்சி பின்னே வருகின்றது. அவ்வதிகாரத்துள்ளும், தடைப்படும் இடந்தோறும் தளராது வண்டியை இழுத்துச் செல்லும் பகட்டினையே அவர் உவமை கூறினார். பகடு மகிழ்ச்சி தோன்றும்வரை காத்திருப்பதில்லை. அடுத்த அடியினை எடுத்து வைக்கின்றது.

‘மனம் சரியானபின் வேலை செய்வேன்’ என்பதே சோர்வுற்றார் யாவரும் கூறும் சொல். ‘வேலையைத் தொடங்கு, மனம் பின்னே வரும்’ என்பதே இம்முறைவைப்பால் நாம் கொள்ளத்தக்க பொருள்.

இன்றைய உளவியலும் இதற்கு அரண் செய்கின்றது. சோர்ந்தவன் செயல்களைக் கைவிடுகிறான். செயல் குறையவே அவற்றால் வரும் மகிழ்வும் குறைகின்றது. அதனாற் சோர்வு பின்னும் மிகுகின்றது. இச்சுழலை அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லூவின்சோன் 1970களில் எடுத்துக் காட்டினார். சிறு செயல்களால் அச்சுழலை அறுக்கும் மருத்துவமுறை பின்னர் வளர்ந்தது. இங்கிலாந்தில் 440 நோயாளரிடம் அதனை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, எண்ணங்களைத் திருத்தும் அறிகைநடத்தை மருத்துவத்திற்கு இம்முறை குறைந்ததன்று எனக் காட்டிற்று.

கைக்கொள்ளத்தக்க வழிகள்

ஒன்று: நாடோறும் ஒரு சிறு செயலை வரையறுத்துச் செய்க. முற்றம் பெருக்குதல், ஒரு பாத்தி கத்தரிக்கு நீர் இறைத்தல், கிழிந்த வலையில் ஒரு முழம் பொத்துதல் ஆகிய எதுவும் ஆகலாம். முடித்தபின் அதனைக் குறித்து வைக்க.

இரண்டு: விடியலில் எழுந்து வெயில் ஏறுமுன் வயல்வரம்பிலோ கடற்கரையிலோ அரைமணி நேரம் நடக்க. உறங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றற்க.

மூன்று: தனித்திருத்தலைக் குறைக்க. துயருற்றார் வீட்டிற்கு அயலார் சோறு சமைத்துக் கொண்டு செல்லும் நம் வழக்கம் வயிற்றுக்கு மட்டும் அன்று. ‘நீ தனியன் அல்லை’ என்னும் செய்தியும் அச்சோற்றுடன் செல்கின்றது.

நான்கு: விருப்பமான பாடலொன்றை வாய்விட்டுப் பாடுக. கேட்டலினும் பாடுதல் நன்று; மூச்சு சீர்ப்படும்.

ஐந்து: மதுவைத் துணையென நம்பற்க. அது அன்றிரவு மறக்கச் செய்து, மறுநாள் இருமடங்காய்த் திருப்பித் தரும்.

இழவினால் வந்த துயருக்கு மாத்திரம் ஒரு விலக்கு உண்டு. அழவேண்டிய காலத்தில் அழுதல் வேண்டும். துக்கம் காக்கும் நாள்களை இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் முறைப்படி வகுத்துள்ளமை இதன்பொருட்டேயாம். அந்நாள்களில் மேற்கூறிய வழிகளைக் கூறி எவரையும் விரைவுபடுத்தலாகாது.

எல்லை அறிதல்

இவ்வழிகள் சோர்வுக்கு உரியன. நோய்க்கு இவை மட்டும் போதா. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் துயர் நீங்காது, உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் விருப்பின்றி இருப்பின், வைத்தியரை நாடுதல் வேண்டும். வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கென உளது. காய்ச்சலுக்கு மருந்து உண்ண நாணாதோர் இதற்கும் நாண வேண்டுவதில்லை.

பழைய மாணவர்காள்! ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நுங்களுட் சிலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். சிலர் இவ்வூரிலேயே இருந்தும் வெளிவருவதில்லை. விழாவுக்கு வந்தோரை எண்ணி மகிழ்வதுடன் வாராதோரையும் எண்ணுக. அவருள் ஒருவரது வாயிற் கதவினை இவ்வாரத்துள் தட்டுக. தொலைவில் இருப்பின் தொலைபேசியில் அழைக்க. அது அவருக்கு மருந்தாவதுடன், அழைத்தவர்க்கு அன்றைய சிறு செயலும் ஆகும்.