இரண்டாவது வடம்

எமது கணினி ஆய்வுகூடத்தில் இரண்டு சுவிட்ச்கள். அவற்றை ஒரே வடம்தான் இணைத்தது. இரு பக்கத்திலிருந்தும் பலர் கோப்புகளை அனுப்பினால் அது திணறும். இன்னொரு வடம் போட்டால் வேகம் கூடும் என்றெண்ணி, நானாகவே செருகினேன். சில செக்கன்களில் எல்லா விளக்குகளும் ஓயாமல் மின்னின. முழு வலையமைப்பும் நின்றுவிட்டது. டீச்சர் ஓடி வந்து வடத்தைக் கழற்றினார்.

ஐபி பொதிக்கு ஆயுள் எண் உண்டு. ஈதர்நெட் சட்டகத்துக்கு இல்லை. எனவே எல்லோருக்குமென அனுப்பப்படும் சட்டகம் இரு வடங்களிலும் முடிவின்றிச் சுற்றிப் பெருகும். ஸ்பானிங் ட்ரீ இயங்கியிருந்தால் ஒரு வடத்தை மூடி வளையத்தைத் தடுத்திருக்கும். ஆனால் மூடிய வடத்தால் வேகம் கூடாதே!

இரண்டையும் ஒரே இணைப்பாக்குவது எல்ஏசிபி நெறிமுறை. 2000இல் 802.3ஏடி நியமத்தில் வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் நியமத்துக்கு மாறியது. இரு சுவிட்ச்களிலும் ஒரே வேகமுள்ள போர்ட்களை ஒரு குழுவாக்க வேண்டும். ஒரு பக்கமாவது 'அக்டிவ்' ஆக இருக்க வேண்டும். இரண்டும் 'பசிவ்' என்றால், யார் முதலில் ஸலாம் சொல்வதென்று பார்த்திருக்கும் கோபக்காரத் தோழியர் கதைதான். இதையெல்லாம் அமைத்த பிறகே இரண்டாவது வடத்தைச் செருக வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

வேகம் இருமடங்காகுமா? ஒரு கோப்புக்கு ஆகாது. சட்டகங்களின் வரிசை குழம்பாதிருக்க, அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கொண்டு சுவிட்ச் ஒவ்வோர் உரையாடலையும் ஒரே வடத்துக்கு ஒதுக்கும். பலர் அனுப்பும்போதே சுமை பிரியும். சிலவேளை இருவர் ஒரே வடத்தில் மாட்டுவதும் உண்டு.

அடுத்த வாரம், டீச்சரின் அனுமதியோடு, பிரதி நடக்கும்போதே ஒரு வடத்தை உருவினேன். சற்றுத் தயங்கியது, நிற்கவில்லை.