டாங்கியும் நம்ம ஊர்ச் சேறும்

ராணுவத்தில் இருக்கும் என் மாமா, மகாராஷ்டிராவில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனார். 1994-ல் தொடங்கியது அது. நம்ம ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியும், 1965 போரில் பிடிபட்ட பாட்டன் டாங்கியும் அங்கே நிற்கின்றன.

சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை எதுக்கு?

அழுத்தம் = விசை ÷ பரப்பு

பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்; சேற்றில் புதையாது. நம்ம வயலில் டிராக்டருக்குக் கேஜ்வீல் மாட்டுவதும் இதுக்குத்தான். 1904-ல் அமெரிக்காவில் ஹோல்ட் என்பவர் இப்படிப் பட்டை போட்டு ஓட்டியது உழவு வண்டியைத்தான்! டாங்கி போருக்கு வந்தது 1916-ல்.

அப்படிப்பட்ட பாட்டனை மடக்கியது எது தெரியுமா? தண்ணீர்! பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் நம் வீரர்கள் கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்து விட்டாங்க. சுமார் 45 டன் எடையுள்ள டாங்கிகள் சேற்றில் மாட்டிக்கிச்சு.

அந்த மாதிரிச் சேற்றில் நின்றுதான் நம்ம அம்மாக்கள் நாள் முழுக்க நாற்று நடுறாங்க!