பென்சில்வேனியாவில் 8, கொலராடோவில் 5

அன்புள்ள கயல்,

வேல் ரிசார்ட்ஸ் பற்றி நீ போட்டு அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் 42 பனிச்சறுக்குத் தலங்களும் 42 சிவப்புப் புள்ளிகளாக இருக்கின்றன. கீழே மாநிலவாரியாக எண்ணி வைத்திருக்கிறாய்: பென்சில்வேனியா 8, கொலராடோ 5, ஒஹாயோ 4. அதை வைத்து, கம்பெனியின் பலமே பென்சில்வேனியாதான் என்று எழுதிவிட்டாய். எண்ணிக்கை சரி. முடிவுதான் இடிக்கிறது.

கொலராடோவின் ஐந்து என்பவை வேல், பீவர் க்ரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், கிரெஸ்டட் பியூட். வேல் மலை ஒன்றில் மட்டும் சறுக்கக்கூடிய பரப்பு 5,317 ஏக்கர். மேலிருந்து கீழே இறக்கம் 3,450 அடி. மிச்சிகனில் இருக்கும் மவுண்ட் பிரைட்டனில் அந்த இறக்கம் 230 அடிதான். நம் பரங்கிமலை அளவுகூட வராது. உன் படத்திலோ இரண்டுக்கும் ஒரே அளவுப் புள்ளி. உடனே, பரப்புக்கு ஏற்றபடி புள்ளியைப் பெரிதாக்கிவிடுகிறேன் என்று கிளம்பிவிடாதே. அப்படிச் செய்தால் பிரைட்டன் கண்ணுக்கே தெரியாமல் போகும். இவ்வளவு சின்ன மேட்டை இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் வாங்கியது என்ற கேள்வியும் அதோடு போய்விடும். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்குப் போகுமுன் தரவைக் கொஞ்சம் துடைத்துவிடலாம். பெயரை மட்டும் கொடுத்து ஆயத்தொலைவு எடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். இந்தக் கம்பெனியிடம் ஹிடன் வேலி என்ற பெயரில் இரண்டு தலங்கள் உண்டு. ஒன்று மிசௌரியில், இன்னொன்று பென்சில்வேனியாவில். உன் படத்தில் மிசௌரிக்காரருடைய புள்ளியைக் காணோம். பென்சில்வேனியாவில் இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, பெரிதாக்கிப் பார். ஒஹாயோவின் மேட் ரிவர் மவுண்டன் இவர்களுடையது. வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் சறுக்குபவர்களே கூட்டுறவாக நடத்துவது. தேடுபொறிக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரோடு மாநிலத்தையும் சேர்த்துக் கொடு.

ஆயத்தொலைவில் கழித்தல் குறியையும் கவனி. அது விழுந்துவிட்டால் கொலராடோவின் வேல், உள்மங்கோலியாவில் போய் நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெரிஷர், ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் மிதக்கும். இந்த மாதிரிப் பிழை நல்லது, பார்த்ததுமே சிரிப்பு வந்து திருத்திவிடுவோம். ஹிடன் வேலி மாதிரிப் பிழைதான் ஆபத்து.

எது இவர்களுடையது என்பதையும் ஒரு நெடுவரிசையில் எழுதி வை. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்-செட்ரூனில் 2022இல் 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள். 2024இல் க்ரான்-மொன்டானாவில் 84 சதவீதம். ஜப்பானின் ருசுட்சு போன்ற இடங்களில் இவர்களுடைய சீசன் பாஸ் செல்லும், ஆனால் தலம் வேறு ஆட்களுடையது. வேல், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் மலைகளில் பெரும்பகுதி ஒயிட் ரிவர் தேசிய வனம். அமெரிக்க வனத்துறை அனுமதி கொடுத்திருக்கிறது, இவர்கள் நடத்துகிறார்கள். ஆக, மண் அரசாங்கத்துடையது, லிஃப்ட் கம்பெனியுடையது.

இப்போது பிரைட்டனுக்கு வருவோம். 2008இல் இவர்கள் எபிக் பாஸ் என்ற சீசன் பாஸை 579 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பனி விழுவதற்கு முன்பே காசு கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. குளிர்காலம் பொய்த்துப்போனாலும் வாங்கிய காசு வாங்கியதுதான். ஆனால் மலையே இல்லாத ஊரில் இருப்பவர் எதற்காக முன்கூட்டியே பாஸ் வாங்குவார்? 2012இல் மினியாபொலிஸ் அருகே ஆஃப்டன் ஆல்ப்ஸ், டெட்ராய்ட் அருகே பிரைட்டன் என்று இரண்டு குட்டி மேடுகளை வாங்கினார்கள். இரண்டுக்கும் சேர்த்து விலை 2 கோடி டாலர். 2016இல் சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவே வில்மாட். அதே ஆண்டு கனடாவின் விஸ்லர் பிளாக்காமை வாங்கக் கொடுத்தது சுமார் 140 கோடி கனடிய டாலர். 2019இல் பீக் ரிசார்ட்ஸ் என்ற கம்பெனியையே வாங்கியதில் ஒரே வீச்சில் 17 தலங்கள் சேர்ந்தன. உன் படத்தில் கிழக்கே அப்பிக்கிடக்கும் புள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே கையெழுத்தில் வந்தவை.

இப்போது வரைபடத்தில் நகரங்களின் மக்கள்தொகையை ஏற்றிப் பார். வட அமெரிக்கத் தலங்கள் 37இல் 26, கிழக்கிலும் நடுமேற்கிலும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பக்கத்தில் ஒரு பெருநகரம் நிற்கும். பாஸ்டன் மில்ஸ், பிராண்டிவைன் அருகே கிளீவ்லாந்து. மிசௌரியின் ஹிடன் வேலி அருகே செயின்ட் லூயிஸ், ஸ்னோ க்ரீக் அருகே கான்சாஸ் சிட்டி. பென்சில்வேனியாவின் லிபர்டி, வொயிட்டெயில், ரவுண்ட்டாப் மூன்றும் வாஷிங்டன், பால்டிமோர்க்காரர்களுக்கு. ஆபீஸ் முடிந்து மாலையில் குழந்தையைக் கூட்டிப் போய்ச் சறுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கையில் பாஸ் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை விமானம் ஏறி அதே பாஸில் கொலராடோ போவார்கள். அங்கே தங்கும் அறை, சாப்பாடு, வகுப்பு, வாடகைச் சாமான் என்று செலவழிப்பது தனி. கிழக்கின் புள்ளிகள் ஆள் பிடிக்கும் இடங்கள், மேற்கின் புள்ளிகள் அந்த ஆட்கள் செலவழிக்கும் இடங்கள் என்பது என் வாசிப்பு. ஆஸ்திரேலியாவின் பெரிஷர், ஃபால்ஸ் க்ரீக், ஹாதம் மூன்றையும் நான் முதல் வகையில்தான் சேர்ப்பேன். அங்கே சீசன் ஜூனில் தொடங்கும். முடிந்தபின் பாஸ் வைத்திருப்பவர் விஸ்லருக்குப் போகலாம்.

இதை எண்களால் நிறுவ வேண்டும் என்றால், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 100 கிலோமீட்டர் வட்டம் போட்டு ஆட்களை எண்ணாதே. சமவெளியில் அது ஓரளவு ஒத்துவரும், மலையில் ஒத்துவராது. ஆஸ்பெனுக்கும் கிரெஸ்டட் பியூட்டுக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிவிடுவதால் காரில் சுற்றிப்போக நாலு மணி நேரமாவது ஆகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளை வைத்து ஒன்றரை மணி நேரத்தில் காரில் எட்டக்கூடிய பரப்பைக் கணக்கிடு. கியூஜிஐஎஸ்ஸில் அதற்கான செருகுநிரல்கள் இருக்கின்றன. மூடும் சாலைகளை நீயே பார்த்து நீக்கிவிடு. மேற்குத் தலங்களுக்குக் கார் நேரத்தோடு விமான நிலையத் தூரத்தையும் சேர். வேல் ஊருக்கு மேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் ஈகிள் கவுன்ட்டி விமான நிலையம் இருக்கிறது.

செல்போன் இருப்பிடத் தரவு வாங்கி யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் உற்சாகமில்லை. வேல் ஊரின் நடுவே ஐ-70 நெடுஞ்சாலை போகிறது. நீ தாராளமாக எல்லை வரைந்தால் அந்த வழியே போகும் லாரி டிரைவர்கள் எல்லோரும் உன் கணக்கில் சறுக்க வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். லிஃப்ட் ஓட்டுபவரும் ஹோட்டலில் அறை பெருக்குபவரும் தினமும் வரும் விசுவாசமான வாடிக்கையாளர் ஆவார்கள். தவிர, அது ஒருவருக்குத் தெரியாமல் அவர் பின்னாலேயே நடக்கிற வேலை. இப்படித் தரவு விற்ற கோச்சாவா என்ற கம்பெனிமீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022இல் வழக்கே போட்டது. உன் கேள்விக்குப் பொதுவில் கிடைக்கும் சாலையும் மக்கள்தொகைக் கணக்கும் போதும்.

அடுத்த முறை, வாங்கிய ஆண்டை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, 2008, 2012, 2016, 2019, 2024 என்று ஐந்து படங்களாகப் போடு. சிஎஸ்வி கோப்பையும் அனுப்பு. வெறும் படமாக அனுப்பினால் என்னால் எதையும் சரிபார்க்க முடியாது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை