ஜும்ஆவுக்குப் போகும் வாகனம்

சொந்தக் காரில் ஜும்ஆவுக்குப் போகலாமா என்று சென்னைச் சகோதரர் ஒருவர் கேட்கிறார். தாராளமாகப் போகலாம், வாகனம் அல்லாஹ் தந்த நிஃமத். ஆனால் அதை எங்கே நிறுத்துகிறோம்?

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளி 1795-ல் கட்டப்பட்டது. அதுபோன்ற பழைய மஹல்லாக்களின் தெருக்கள் காருக்காகப் போடப்பட்டவையல்ல. பாங்கு சொன்ன பிறகு ஓடிவந்து, பிறர் வீட்டு வாசலை மறித்து வண்டியை விட்டுவிட்டு ஸஃப்பில் நிற்கிறோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளையாக எண்ணினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நாமோ தொல்லையை வைத்துவிட்டல்லவா தொழப் போகிறோம்!

2019 முதல் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் பெரிய பள்ளிக்கு நடந்துவிடலாம். ஜும்ஆவுக்கு வாகனமேறாமல் நடந்து போவதன் சிறப்பு, அவ்ஸ் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீதில் வந்திருக்கிறது. நடக்க இயலாத பெற்றோர் உடனிருந்தால் காரையே எடுங்கள்.

மாலைப் பயணத்தின் மஸ்அலா வேறு. மஃரிபின் நேரம் சுருக்கம். காரை இடம் பார்த்து நிறுத்தித் தொழலாம். பஸ் நமக்காக நிற்காது. நஃபிலை வாகனத்தின் மீதே தொழுத நாயகம் (ஸல்) அவர்கள், பர்ளுக்கு இறங்கினார்கள். ஆகவே பஸ்ஸில் போகிறவர் உளூவுடன் புறப்பட்டு, வழியில் பள்ளி உள்ள நிறுத்தத்தில் இறங்கித் தொழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கட்டும். இன்னொரு டிக்கெட்டுக்குக் காசாகும், ஆகட்டும்.