வாத்ஸல்யமும் பரிவும்

ஸ்ரீ:

‘வத்ஸம்’ என்னும் வடசொல்லுக்குக் கன்று என்பது பொருள். கன்றினிடத்துத் தாய்ப்பசு கொள்ளும் அன்பே ‘வாத்ஸல்யம்’. ஒத்தாரிடத்துக் கொள்ளும் அன்பு நட்பு. உயர்ந்தோரிடத்துக் கொள்வது பக்தி. உயர்ந்தவரிடமிருந்து தாழ்ந்தவரை நோக்கிப் பாய்வது வாத்ஸல்யம்.

அன்றீன்ற கன்றின் மேலுள்ள வழும்பைக் கண்டு பசு அருவருப்பதில்லை. நாவினால் நக்கித் தூய்மை செய்கிறது. அவ்வாறே எம்பெருமான் அடியார்களின் குற்றங்களைக் காணாதவன்போல் இருக்கிறான் என்பர் சில ஆசார்யர்கள். அக்குற்றங்களையே இனியனவாகக் கொள்கிறான் என்பர் வேறு சிலர். “தூய்மையான பின்னர் வா” என்று அவன் நம்மை விலக்குவதில்லை என்பதில் இருசாராரும் ஒருமனப்பட்டவரே.

இனி, ‘பரிவு’ என்னும் தமிழ்ச்சொல்லைக் காண்போம். அன்பு, இரக்கம், வருத்தம் என்னும் பொருள்கள் இச்சொல்லுக்கு உண்டு. அன்புக்குரியவருக்கு என்ன தீங்கு நேருமோ என்று நெஞ்சம் பதறுதலே பரிவின் முதிர்ந்த நிலை. மதுரையில் பாண்டியன் ஸபையில் வென்று யானைமேல் பவனி வந்த விஷ்ணுசித்தர், கருடாரூடனாய் எதிரே தோன்றிய எம்பெருமானிடம் தமக்கென்று எதனையும் வேண்டினாரல்லர். அவ்வழகுக்குக் கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார், ‘பெரியாழ்வார்’ ஆனார். இங்கே கன்றே தாயாகிவிட்டது!

14ஆம் நூற்றாண்டில் அந்நியப் படையெடுப்பின்போது, முதுமையையும் பாராமல் நம்பெருமாளுடன் திருவரங்கம் விட்டு வந்த பிள்ளை லோகாசார்யர், மதுரையை அடுத்த ஆனைமலைப் பகுதியில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். இன்று கொடிக்குளம் எனப்படும் ஊர் அதுவே. ஸ்ரீவசனபூஷணத்தில் ஆழ்வாரின் மங்களாசாஸனத்தைச் சிறப்பித்த அம்மஹான், அப்பரிவிலேயே தம் திருமேனியையும் நீத்தார்.

ஸேவார்த்திகளே! சித்திரை வெயிலில் வைகைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்குத் தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் வழக்கமும் இப்பரிவின் பாற்பட்டதே. “அழகருக்கு வெப்பம் தாக்குமே” என்பதன்றோ அதன் கருத்து! அங்ஙனமாயின், விசைக்குழாய் கொண்டு திருமேனியில் நீரை மோதச் செய்வதும், வாசனை வேண்டி வேதிப்பொருள் கலப்பதும் எப்படிப் பரிவாகும்? தூய நீரை மென்மையாகத் தெளிப்பதே ஆழ்வார் காட்டிய வழி.

ஆற்றுமணலும் வியர்வையுமாக நிற்கும் நம்மை அவன் வாத்ஸல்யத்துடன் நோக்குகிறான். நாம் அவனைப் பரிவுடன் நோக்குவோமாக.

அழகர் திருவடிகளே சரணம்.