வீட்டிலேயே ஓர் உரையாடல் சேவையகம்

மாணவர்களே, ஜுருவில் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைப் பினாங்குப் பாலம் கடந்து தீவுக்குக் கொண்டுபோய், மீண்டும் இங்கே எடுத்து வந்து கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால், அருகில் அமர்ந்திருக்கும் தங்கைக்குப் புலனத்தில் அனுப்பும் செய்தி அப்படித்தான் போகிறது. முதலில் அந்நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, பிறகே தங்கையின் கைப்பேசிக்கு வருகிறது.

சேவையகம், அதாவது சர்வர், என்பது பிற கருவிகள் கேட்பதைக் கொடுக்க எந்நேரமும் தயாராக இருக்கும் ஒரு கணினி. அது பெரியதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் தூசு படிந்து கிடக்கும் மடிக்கணினியே போதும். விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் தேவை. ஆல்பைன் லினக்ஸ் என்ற எளிய இயங்குதளத்தின் அடிப்படை நிறுவலுக்குச் சுமார் 130 மெகாபைட் இடம் போதும். படங்களும் சாளரங்களும் இல்லாத வெறும் எழுத்துத் திரையே அதில் இருக்கும். கட்டளைகள் பலவும் ஒரே சிறு நிரலுக்குள் அடங்கியிருக்கும்.

செய்முறை

1. பெற்றோரிடம் அனுமதி பெறுங்கள். நிறுவும்போது வட்டிலுள்ளவை அழிந்துவிடும். எனவே, பழைய கோப்புகளை முதலில் நகலெடுங்கள்.

2. ஆல்பைன் லினக்ஸை விரலியில் பதிந்து, கணினியில் நிறுவுங்கள்.

3. புரோசடி என்ற கட்டற்ற மென்பொருளைச் சேர்த்து, அதற்குரிய குறியாக்கச் சான்றிதழை உருவாக்குங்கள். 1999இல் அறிமுகமான ஜாபர் திட்டத்திலிருந்து வளர்ந்த எக்ஸ்.எம்.பி.பி. நெறிமுறையில் இது இயங்குகிறது.

4. வீட்டு அருகலைக் கருவியில், இக்கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குங்கள்.

5. குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கான்வர்சேஷன்ஸ் செயலியை நிறுவி, சேவையகத்தின் முகவரியைக் கொடுங்கள்.

சோதனை

கைப்பேசிகளின் தரவு இணைப்பை அணையுங்கள். அருகலைக் கருவிக்கு வரும் இணைய இணைப்பையும் நிறுத்துங்கள். கருவி மட்டும் இயங்கட்டும். இப்போது புலனத்தில் செய்தி போகாது. உங்கள் சேவையகத்தின் வழியாகப் போகும்! செய்தி அனுப்பத் தேவை ஒரு வலையமைப்பு. இணையம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

கவனம் தேவை

சொந்தச் சேவையகம் என்பதாலேயே செய்தி பாதுகாப்பாகிவிடாது. சான்றிதழ் தரும் குறியாக்கம், கைப்பேசிக்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே காக்கும். சேவையகத்தை நிர்வகிப்பவர் நினைத்தால் செய்தியைப் படித்துவிடலாம். ஒமேமோ முறையைப் பயன்படுத்தினால், செய்தி அனுப்புபவரின் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கும். எனவே, அதைப் பயன்படுத்துங்கள். சேவையகத்தை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். மென்பொருளைத் தவறாமல் புதுப்பியுங்கள். நிர்வாகியான பின், அடுத்தவரின் நம்பிக்கை உங்கள் கையில் இருக்கிறது.

சிந்தியுங்கள்: நீங்கள் செய்தி அனுப்பும்போது அம்மாவின் கைப்பேசி அணைந்திருக்கிறது. அவர் அதை மீண்டும் இயக்கும்வரை அந்தச் செய்தி எங்கே காத்திருக்கும்? அங்கே அது பூட்டப்பட்டிருக்குமா, திறந்திருக்குமா?